மூடியில் ஐந்து பொட்டு

1

எங்கள் அலுவலகத்தில் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை. தும்மினால் நாலு மேஜையிலிருந்து வாழ்த்து வரும். சிரித்தால் யாராவது எழுந்துபோய் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில், 2006 பிப்ரவரியில் ஒரு காலை, கூரியரில் வந்த உறையைப் பிரித்துவிட்டு, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தேன். எதிர் மேஜை மார்ட்டின் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து ஒரு தம்ளர் தண்ணீருடன் ஓடி வந்தான்.

இது தெற்கு ஜெர்மனியில் மலையடிவாரத்துச் சிற்றூர். நம் ஊரில் பனியன் துணி ஓட்டுகிறோமே, அந்த வட்டப் பின்னல் மெஷின்களைச் செய்கிற கம்பெனி. மெஷின் செய்கிறவர்கள் கீழே ஷெட்டில் இருக்கிறார்கள். நான் மாடியில் இருந்துகொண்டு அந்த மெஷின்களின் காகிதங்களைப் பார்த்துக்கொள்கிறேன். வரைபடம், உதிரிபாகப் பட்டியல், கையேடு, மாற்றக் குறிப்பு. ஒரு திருகின் நீளம் ஒரு மில்லி மாறினாலும் அதன் வரைபட எண்ணோடு ஏ, பி என்று அடுத்த எழுத்தைச் சேர்த்து, பழைய தாளின் மேல் குறுக்காகச் சிவப்பில் 'செல்லாது' என்று குத்தி, யார் கேட்டது, ஏன் கேட்டது, யார் ஒப்புக்கொண்டது என்றெல்லாம் பதிந்து வைக்க வேண்டும். "அங்க என்ன வேலைங்க பாக்கறீங்க?" என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம் இதையெல்லாம் விளக்கினால், "செரி செரி, ஃபைல் அடுக்கறது" என்று முடித்துவிடுகிறார்கள். அதுவும் சரிதான்.

உறைக்குள் இருந்தது ஒரே ஒரு தாள், ஃபைலுக்காக நாங்கள் கேட்டிருந்த அசல். திருப்பூர் முதலிபாளையம் தொழிற்பேட்டையில் நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் நாச்சிமுத்து என்ற வாடிக்கையாளரின் வரைபடம். அவருடைய மெஷின்களின் மின்பெட்டிக்குள் பஞ்சுத் தூசி புகுந்து புகுந்து அடைத்துக்கொள்கிறது, அதை மறைக்கத் தகட்டில் மூடி செய்து கொடுங்கள் என்று கேட்டிருந்தார். பென்சிலால் ஸ்கேல் வைத்துப் போட்ட அழகான நீள்சதுரம். அந்த நீள்சதுரத்தின் நாலு மூலையிலும் ஒவ்வொன்று, நடுவில் கொஞ்சம் பெரிதாக ஒன்று. சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்த பொட்டுகள். தாளை மூக்கருகே கொண்டுபோனேன். வாசம் இன்னும் போகவில்லை.

பொட்டைப் பார்த்து மட்டும் நான் சிரிக்கவில்லை. இதே படத்தை முந்தைய அக்டோபரில் அவர்கள் ஃபேக்ஸில் அனுப்பியிருந்தார்கள். ஃபேக்ஸ் மெஷினுக்குச் சந்தனம் தெரியாது, குங்குமம் தெரியாது. அதற்குத் தெரிந்தது கறுப்பும் வெள்ளையும். எங்களுக்கு வந்த பிரதியில் ஐந்து கறுப்பு வட்டங்கள் இருந்தன. அந்தப் பிரதியைப் பார்த்துச் செய்த மூடிகள் பெயின்ட் அடித்து முடிந்து, கீழே பேக்கிங்குக்குக் காத்திருந்தன. தூசி நுழையாமல் இருப்பதற்கான மூடி. ஒவ்வொன்றிலும் ஐந்து ஓட்டை.

2

சிரிப்பு அடங்கியதும் தாளை உறைக்குள் திரும்பப் போட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாதம்தான் கம்பெனியில் ஒரு முடிவு எடுக்க இருந்தார்கள். திருப்பூரில் எங்கள் மெஷின்கள் நிறைய ஓடுகின்றன. அங்கே ஆளாளுக்கு மெஷினில் ஒரு மாற்றம் செய்துகொள்கிறார்கள். எந்த மாற்றமும் காகிதத்தில் ஏறுவதில்லை. உதிரிபாகம் கேட்டு ஃபேக்ஸ் வரும், அனுப்பினால் பொருந்தாது. அதனால் ஒருவர் திருப்பூருக்குப் போய், இலையுதிர் காலத்தில் மூன்று மாதம் தங்கி, வாடிக்கையாளர்களுடன் உட்கார்ந்து வரைபடங்களைச் சரிசெய்து வர வேண்டும் என்று ஒரு திட்டம். விண்ணப்பம் போட்டிருந்தது நான் ஒருத்திதான்.  திருப்பூரை ஒட்டிய வேலம்பாளையத்தில் பிறந்தவளைத் திருப்பூருக்கு அலுவலக வேலையாக அனுப்புகிறார்கள் என்றால் சும்மாவா!

என் மகள் இனியாவுக்கு அப்போது ஐந்து வயது. இந்த நாட்டில் குழந்தை பள்ளியில் சேர்ந்துவிட்டால் விடுமுறை தவிர ஒரு நாள்கூட வெளியே கூட்டிப்போக முடியாது. விமான நிலையத்தில் போலீஸ் நின்று, "பள்ளி நாளில் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்ட கதைகள் இங்கே உண்டு. அடுத்த வருடம் அவள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். அதனால் இந்த இலையுதிர் காலம் ஒன்றுதான் பாக்கி. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். "சாப்பிட்டியா கண்ணு?" என்றால் புரியும், தலையாட்டுவாள், வாயைத் திறந்தால் இந்த ஊர் மொழி. ஊரிலிருந்து என் அப்பாவும் அம்மாவும் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு என் மடியில் உட்கார்ந்திருப்பாள். போனைக் கையில் கொடுத்தால் உதட்டைப் பூட்டிக்கொள்வாள். மூன்று மாதம் அவளை ஊரில் விட்டால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று நான் நம்பினேன். அந்த மூன்று மாதத்துக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

திட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் எங்கள் பிரிவின் தலைவி திருமதி கெல்லர். பென்சில்களை நீள வரிசையில் அடுக்கி வைக்கிறவர். முந்தைய வாரம்தான் சொல்லியிருந்தார்: "சுத்தமான ஆவணம் அனுப்பத் தெரியாத வாடிக்கையாளர்களிடம் ஆள் அனுப்பி என்ன பயன்?" அதற்குப் பதிலாகத்தான் சந்தன வாசத்தோடு இந்தத் தாள் வந்து சேர்ந்திருக்கிறது.

3

திருப்பூரில் நானும் இதே மாதிரி வேலைதான் பார்த்தேன் என்று சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. அவிநாசி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. வெளிநாட்டு பையர் அனுப்பும் டெக் பேக்குகளுக்கு நான்தான் பொறுப்பு. ஒரு டீ ஷர்ட்டுக்குக் கழுத்து எவ்வளவு, கை எவ்வளவு, எந்த நூல், லேபிள் எங்கே என்று பக்கம் பக்கமாக வரும். அதன்மேல் திருத்தம் வரும். திருத்தத்தின்மேல் திருத்தம் வரும். 'ரிவைஸ்டு' என்று ஒரு ஃபைல், 'ரிவைஸ்டு நியூ' என்று ஒரு ஃபைல், 'ஃபைனல்', 'ஃபைனல் ஓகே', 'இதான் ஃபைனல்'. கட்டிங் மாஸ்டர் எதையும் படிக்க மாட்டார். "அப்ரூவ்டு சாம்பிள் எங்கீங்க?" என்பார். பையர் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்த அந்த ஒரு சட்டை வந்தால்தான் கத்திரி துணியைத் தொடும். காகிதத்தை நம்பாத ஊர் என்று அதற்கு அர்த்தம் இல்லை. காகிதம் மாறிக்கொண்டே இருக்கும், சட்டை மாறாது, அவ்வளவுதான்.

ஆயுத பூஜை வந்தால் பார்க்க வேண்டும். முதல் நாளே மெஷின்களுக்குக் காற்றடித்து, ஆயில் துடைத்து, தரையைக் கழுவி விடுவார்கள். வாழைக்கன்று, மாவிலை, பொரி, கடலை, சுண்டல். தையல் மெஷின், கத்திரி, தராசு, பாய்லர், ஜெனரேட்டர், லாரி என்று எதையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் ஏறும். என் மேஜையில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு, ஃபேக்ஸுக்குப் பொட்டு, டெக் பேக் ஃபைல்களை அடுக்கி வைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு. ஸ்டேப்ளருக்கும் வைத்திருக்கிறேன். எல்லாம் நமக்குச் சோறு போடுகிற பொருள்கள், எதையும் மறந்துவிடக் கூடாது என்ற பதற்றம். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது ஊரே கழுவிவிட்ட மாதிரி இருக்கும். தறி ஓடாது, நிட்டிங் ஓடாது, அந்த ஒரு நாள் திருப்பூரில் காது கேட்கும்.

அதனால் முதலிபாளையத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை நான் யாரையும் கேட்காமலே தெரிந்துகொண்டேன். மூடி இன்னும் செய்யப்படவில்லை. செய்யாத பொருளுக்கு எப்படிப் பொட்டு வைப்பது? அதனால் அதன் படத்துக்கு வைத்திருக்கிறார்கள். தாளின் ஓரத்தில் வைத்திருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். மூடிக்கே வைக்கிறோம் என்ற நினைப்பில், வரைந்த மூடியின் மூலைகளில் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் முதல் வேலையாக அதை ஃபேக்ஸில் விட்டிருக்கிறார்கள்.

4

இந்தப் பக்கம் மார்ட்டின். எங்கள் டிசைன் பிரிவில் அவனைவிட ஒழுங்கான ஆள் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு ஆப்பிள் சாப்பிடுவான், விதையைத் தாளில் மடித்து வைப்பான். ஃபேக்ஸ் பிரதியில் ஐந்து வட்டங்களைப் பார்த்ததும் அவன் அவற்றைக் காற்றோட்டத் துளைகள் என்று முடிவு செய்திருக்கிறான். வெப்பமான நாடு அல்லவா, மின்பெட்டிக்குக் காற்று வேண்டும். வட்டங்களுக்கு அளவு எழுதவில்லையே என்று யோசித்து, பிரதியிலேயே அளந்து, விகிதம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் விட்டம் கண்டுபிடித்திருக்கிறான். ஐந்தும் ஐந்து அளவு. அதில் ஒன்று சந்தனம் கொஞ்சம் இழுபட்டு நீண்டிருந்தது. அவன் அதை நீள்துளையாக வரைந்திருந்தான். நாச்சிமுத்து அவர்களின் விரல் நுனியை ஜெர்மனி பத்தில் ஒரு மில்லி துல்லியத்தில் அளந்து எஃகில் வெட்டி வைத்துவிட்டது.

இத்தனைக்கும் அவன் கேட்காமல் செய்யவில்லை. "படத்திலுள்ள ஐந்து வட்டங்களும் அவற்றின் இடங்களும் சரிதானா என்று உறுதி செய்யவும்" என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். பத்து நிமிடத்தில் முதலிபாளையத்திலிருந்து பதில் வந்திருக்கிறது: ஐந்தும் சரி, இடமும் சரி, மிக்க நன்றி, தயவுசெய்து தொடங்கவும். அந்தப் பதில் அச்செடுத்து, துளையிட்டு, ஃபைலில் தைத்து வைக்கப்பட்டிருந்தது.

"நான் கேட்டேன். அவர்கள் உறுதி செய்தார்கள்," என்றான் மார்ட்டின். முகம் வெளுத்திருந்தது.

"நீ தப்புச் செய்யவில்லை," என்றேன். "அவர்களும் செய்யவில்லை."

"அப்படியானால் யார் செய்தது?"

எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. ஆயுத பூஜை செய்தது என்று படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

5

மஞ்சளும் சந்தனமும் இந்த நாட்டில் என்னவாகத் தெரியும் என்பதை நான் முன்பே பட்டுத் தெரிந்துகொண்டவள். கல்யாணமாகி வந்த புதிதில் விசா நீட்டிக்க வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழை எடுத்துப் போனேன். பதிவு முடிந்து வந்த அன்றே என் மாமியார் அதன் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன் வைத்து எடுத்திருந்தார். அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இந்த ஆவணத்துக்கு இரசாயனப் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறதா?" என்று கேட்டார். மஞ்சளுக்கு ஜெர்மன் பெயர் தெரியாமல், நிறத்தின் பெயரையே சொன்னேன். "மஞ்சள் நிறம் என்பது தெரிகிறது. என்ன பொருள்?" என்றார். குழம்பில் போடுவது என்று சொன்னேன், வேறு எப்படிச் சொல்வது என்று அந்த நேரத்தில் தெரியவில்லை. அவர் நிதானமாக எழுதிக்கொண்டார்: நான்கு மூலைகளிலும் சமையல் கறை, எழுத்துகள் பாதிக்கப்படவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது இருவரும் உருண்டு புரண்டு சிரித்தோம். ஆனாலும் என் கல்யாணத்தின்மேல் சமையல் கறை என்று ஒருவர் எழுதி வைத்திருப்பது எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

அந்தக் கோபம் இப்போது மறுபடி வந்தது. தாளை அலமாரியில் வைத்து மூடிவிட்டு, மூடிகளை அனுப்பிவிடலாம். போய்ச் சேர்ந்தபின் பஞ்சு புகும், மின்பெட்டி சூடாகும், மெஷின் நிற்கும், பழி முதலிபாளையத்தின் மேல் விழும். சொன்னால் இப்போதே விழும். என் மூன்று மாதமும் அதோடு போகும். மார்ட்டின் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு திருமதி கெல்லரின் அறைக்குப் போனேன்.

6

அவர் தாளைக் கையில் வாங்கவில்லை. மேஜையில் வைக்கச் சொல்லி, குனிந்து பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கருவிகளுக்கு ஒரு நாள், அன்று அவற்றுக்கு ஓய்வு, அவற்றுக்கு மரியாதை, அதன் அடையாளம் இது. என் ஜெர்மன் பதற்றத்தில் தடம் புரளும். வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஆமாம்' என்கிற அவர்களுடைய 'யா'வோடு நம்முடைய 'ங்க'வும் ஒட்டிக்கொண்டு 'யாங்க', 'யாங்க' என்று வந்தது. இது எனக்குப் பழைய வியாதி. ரொட்டிக் கடையிலும் வரும்.

அவர் மார்ட்டினின் வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

"நடுவில் உள்ளது ஏன் பெரியது?"

"அது கட்டை விரலில் வைத்திருப்பார்கள். மற்றவை மோதிர விரல்."

"டாலரன்ஸ் என்ன? எத்தனை மில்லி கூடக் குறைய இருக்கலாம்?"

கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "விரலைப் பொறுத்தது," என்றேன்.

"வாடிக்கையாளருக்கு இப்போதே போன் செய்யுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள். அவர் சொல்வதை எனக்கு அப்படியே மொழிபெயர்க்க வேண்டும்," என்றார். "இவர்களுக்குத் தங்கள் ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று தெரிகிறதா இல்லையா, எனக்கு அது தெரிய வேண்டும். அதன்பிறகு உங்கள் பயணத்தைப் பற்றி முடிவு செய்கிறேன்."

எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். நாச்சிமுத்துவே எடுத்தார். பின்னால் நிட்டிங் மெஷின்களின் இரைச்சல். நான் தமிழில் பேசினேன்.

"ஏனுங்க, தமிழா! எந்தூருங்க அம்மிணி நீங்க?"

"வேலம்பாளையமுங்கண்ணா."

"வேலம்பாளையத்துல யாரு ஊட்டுப் புள்ள?"

"துணி செக்கிங் கான்ட்ராக்டர் ராமசாமி மகளுங்க."

"அட நம்ம ராமசாமியண்ணன் புள்ளையா! அவரு எங்ககிட்டத்தான கான்ட்ராக்ட் எடுத்துட்டிருந்தாரு! ரபீக்கு, இங்க வாங்க, ஜெர்மனில இருந்து நம்ம வேலம்பாளையத்துப் புள்ள பேசுது!"

கெல்லர் பென்சிலால் மேஜையைத் தட்டினார். நான் மூடி விஷயத்துக்கு வந்தேன். படத்தில் பொட்டு வைத்தீர்களா என்று கேட்டேன்.

"ஆமாங்க, நாந்தான் வெச்சனுங்க. புதுசா வரப்போற சாமானம், வெக்காம இருக்க முடியுமுங்களா? அப்பறம் உங்க ஆபீஸ்ல இருந்து எழுதிக் கேட்டாங்க பாருங்க, அஞ்சும் இருக்குதா, செரியான எடத்துல இருக்குதான்னு. எனக்கு மனசே நெறஞ்சு போச்சுங்க. வெள்ளைக்காரங்களுக்கு இருக்கற பக்தி நமக்கு இல்லையேன்னு ஊட்ல சொல்லிச் சொல்லி சந்தோசப்பட்டனுங்க."

இதை நான் எப்படி மொழிபெயர்ப்பது? மொழிபெயர்த்தேன். சொல்லுக்குச் சொல். கெல்லரின் பென்சில் அந்தரத்தில் நின்றது.

"அண்ணா, அவங்க அத ஓட்டைன்னு நெனச்சு, மூடியில ஓட்டை போட்டுட்டாங்க."

"எத்தன ஓட்டைங்க?"

"அஞ்சுங்க."

ரிசீவரைக் கையால் பொத்துகிற சத்தம். பிறகு யாரோ போனை வாங்கும் சத்தம். "மேடம், நான் ரபீக்குங்க, மெயின்டனன்ஸ். படம் நான் போட்டதுங்க. ஓட்டை எனக்குத் தேவையில்லீங்க. அஞ்சு ஓட்டை போட்டா அஞ்சு வழியாவும் பஞ்சு பூந்துக்குமுங்க." அதற்குமேல் அவரால் முடியவில்லை. முதலில் அவர் சிரித்தார். பிறகு நாச்சிமுத்து சிரித்தார். மெஷின் இரைச்சலைத் தாண்டி இன்னும் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. திருப்பூர் சிரிக்கிற சத்தம் அந்த அறை முழுக்க நிறைந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"ஓட்டை போட்ட மூடிகளை இங்கே அழித்துவிட்டுப் புதிதாகச் செய்வோம் என்று சொல்லுங்கள்," என்றார் கெல்லர். சொன்னேன்.

"அய்யய்யோ, அழிச்சறாதீங்க அம்மிணி!" நாச்சிமுத்துவின் குரல் பதறியது. "சாமிக்கு வெச்ச பொட்டு, அங்க போயி இரும்புல எறங்கியிருக்குது. அத ஒடச்சுப் போடலாமுங்களா? அதையும் சேத்து அனுப்பிருங்க. நான் செவுத்துல மாட்டிக்கறனுங்க."

7

போனை வைத்தபின் கெல்லர் எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது. திரும்பி வந்து, முதல் முறையாக அந்தத் தாளைக் கையில் எடுத்து, மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார்.

"இவர்களுக்குத் தங்கள் ஆவணத்தில் என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது," என்றார். "நமக்குத்தான் தெரியவில்லை. அங்கே இருந்து வரும் மற்ற படங்களில் எது பொருளுக்கு, எது கடவுளுக்கு என்று மார்ட்டினால் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது."

தாளை மேஜையில் வைத்து விளிம்பைச் சரிசெய்தார்.

"ஆனால் தாளில் வைப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டும்."

அது நடக்காது என்று எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்தபின் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. "நிறுத்த மாட்டார்கள்," என்றேன். "எனக்கே கை வராது." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பயணம் போச்சு என்று நினைத்தேன்.

கெல்லர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எங்கள் விதிகளில் பின்பக்கத்துக்கு எந்த விதியும் கிடையாது.

"பின்பக்கம்," என்றார். "ஃபேக்ஸ் பின்பக்கத்தைப் படிப்பதில்லை."

இந்திய வாடிக்கையாளர்களுக்கான எங்கள் ஆவண வழிகாட்டியில் இன்றைக்கும் அந்த வரி இருக்கிறது: வாழ்த்துக் குறிகள் தாளின் பின்பக்கத்தில் மட்டும் இடப்பட வேண்டும். அதற்கு மாற்ற எழுத்து, ஒப்புதல் கையெழுத்து எல்லாம் உண்டு. அதே நாளில் என் பயண விண்ணப்பத்திலும் அவர் கையெழுத்துப் போட்டார். மாலை ரயிலில் வீட்டுக்கு வரும்போது என்னையறியாமல் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். எதிரில் இருந்த கிழவி ஒருத்தி தானும் சிரித்தாள். பிறகு பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள்.

8

செப்டம்பரில் நானும் இனியாவும் திருப்பூரில் வந்து இறங்கினோம். இனியா முதல் வாரம் பேசவில்லை. இரண்டாவது வாரம் என் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு பேக்கரிக்குப் போய் வந்தாள். அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே வாரத்தில் எனக்கே மறந்துபோன சண்டை வார்த்தைகளெல்லாம் கற்றுக்கொண்டாள். நான் ஜெர்மனில் ஏதாவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்வாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பகலெல்லாம் யூனிட் யூனிட்டாகப் போய் மெஷினைப் பார்த்து, படத்தைப் பார்த்து, மாற்றம் குறிப்பேன். எங்கே போனாலும் இரும்பு நாற்காலி, இனிப்பான டீ, "மேடம் ஜெர்மன் கம்பெனிங்க" என்ற அறிமுகம். அந்த அறிமுகம் மட்டும் கொஞ்சம் குத்தும். கண்டுகொள்ளவில்லை.

ஆயுத பூஜைக்கு நாச்சிமுத்து அண்ணன் கூப்பிட்டிருந்தார். இனியாவையும் கூட்டிப் போனேன். முதலிபாளையத்தில் அன்று நிட்டிங் மெஷின்கள் ஓயாத வாயை மூடிக்கொண்டு மாலையும் மாவிலையுமாக நின்றன. ரபீக் பாய் பொரியும் கடலையும் கலந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். ஓட்டையில்லாத புது மூடிகள் மின்பெட்டிகளின் மேல் பளபளத்தன. ஓட்டையுள்ள மூடிகளில் ஒன்று ஆபீஸ் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொங்கியது. மேஜையில் அந்த வருடத்து வரைபடங்கள் எல்லாம் ஒழுங்காகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் பொட்டு.

"பாத்தீங்களா அம்மிணி, உங்க மேடம் சொன்ன மாதிரியே," என்றார் நாச்சிமுத்து அண்ணன், பெருமையாக.

சந்தனக் கிண்ணத்தை இனியா கையில் கொடுத்துவிட்டார். அவள் மெஷின் மெஷினாகப் போய் மூடியின் நாலு மூலையிலும், நடுவிலும், பிறகு மிச்சமிருந்த இடத்திலெல்லாம் வைத்துக்கொண்டு வந்தாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, அவ்வளவு கவனம். நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த நிமிடத்தில் எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நாச்சிமுத்து அண்ணன் பொரிப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். சாதாரணமாக, அன்பாகத்தான் கேட்டார்.

"அப்பறம் அம்மிணி, உங்கூருக்கு எப்பங்க போறீங்க?"

உங்கூரு. எனக்கு ஒரு கணம் எந்த ஊரைக் கேட்கிறார் என்று புரியவில்லை. ஜெர்மனியைத்தான் கேட்டிருக்கிறார். வேலம்பாளையம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டிருக்கும்போதே கீழே இருந்து குரல் வந்தது. இனியா தலையைத் தூக்கவில்லை, விரல் கிண்ணத்துக்குள் இருந்தது.

"நாங்க போவுலீங்க."

ஷெட்டே சிரித்தது. "அப்பிடிச் சொல்லு கண்ணு!" என்று ரபீக் பாய் கை தட்டினார். நாச்சிமுத்து அண்ணன் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். சந்தனம் என் சேலையிலெல்லாம் தெறித்தது. நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன். திரும்பிப் போவதற்கான தேதி போட்ட இரண்டு டிக்கெட்டுகள் தோளில் தொங்கிய கைப்பையில் இருந்தன, அவள் அடுத்த மெஷினை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.